"அவனையே கட்டி வைத்துவிடலாம்" என்பவர்களுக்கு

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக வாதாடும் வழக்கறிஞராகிய நான், முதல் தகவல் அறிக்கை பதிவாகும் முன்பே வன்முறை செய்தவனுக்கே பெண்ணை மணமுடிக்கும் யோசனையைப் பலமுறை கேட்டிருக்கிறேன்: "அவனையே கட்டி வைத்துவிடலாமே." சொல்பவர் பெண்ணின் பெரியப்பாவாகவோ தாய்மாமனாகவோ, சில நேரம் பெற்ற தாயாகவோ இருப்பார். ஒரு தாய்மாமன், 1989-இல் வெளிவந்த 'புதிய பாதை' படத்தையே அதற்கு ஆதாரமாக எடுத்துச் சொன்னார்.

பார்த்திபன் முதன்முதலாக இயக்கி, நாயகனாகவும் நடித்த அந்தப் படம், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. கூலிக்கு அடியாளாக இருக்கும் ஒருவனால் திருமணத்துக்கு முன் கெடுக்கப்பட்ட பெண், கல்யாணம் நின்றுபோன பிறகு, அவன் வாழும் இடத்துக்கே வந்து அவனை மணந்து திருத்துகிறாள். சீதா ஏற்ற அந்த வேடம் ஒடுங்கி அழும் பெண்ணுடையது அன்று. படத்திலேயே மிகத் துணிச்சலானவள் அவள்தான். ஆயினும் அத்துணிச்சல் முழுவதும் அவனை மனிதனாக்கவே செலவாகிறது. அநாதையாக வளர்ந்த அவனுடைய வலிக்கு மனமுருகும் கதை, அவளுடைய வலிக்கு அவன் கட்டும் தாலியையே மருந்தாகத் தருகிறது. நன்றாக எடுக்கப்பட்ட படம் என்பதால்தான் அந்த மருந்து இத்தனை ஆண்டுகள் நம்பப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றைய இளையோர் இக்கதையைக் கேட்டுக் கொதிக்கும்போது, "அந்தக் காலம் அப்படி" என்று மூத்தவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்திலேயே சிதைக்கப்பட்ட வழக்கில் காவலர்களை உச்ச நீதிமன்றம் 1978-இல் விடுவித்ததை எதிர்த்துப் பெண்கள் நாடெங்கும் போராடியதன் விளைவாக, 1983-இலேயே பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை என்று சட்டம் திருத்தப்பட்டது. ஆண்களால் காயப்பட்ட ஒரு பெண்ணை அவளுடைய சினத்தோடும் முரண்களோடும் காட்டிய இயக்குநர் ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' படம் வந்ததும் அதே 1978-இல்தான். 'புதிய பாதை'யைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை; பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்து, அந்தப் பெண்ணுக்கு வேறு என்ன வழிகள் இருந்தன என்று பேச வேண்டும் என்கிறேன்.

ஏனெனில் இந்த எண்ணம் திரையோடு நின்றுவிடவில்லை. 2015 ஜூனில், தண்டனை பெற்ற ஒருவர் பாதிக்கப்பட்ட பெண்ணுடன் சமரசம் பேசுவதற்காக அவருக்குச் சென்னை உயர் நீதிமன்றமே ஜாமீன் வழங்கியது. இத்தகைய வழக்கில் எந்தச் சூழ்நிலையிலும் சமரசத்தை எண்ணிப் பார்க்கவே கூடாது என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜூலை 1 அன்று கூறியது. அதன் பிறகு அந்த ஜாமீன் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே, ஊர்ப் பஞ்சாயத்தோ உறவினரோ எழுதி வாங்கும் சமாதானக் கடிதத்தால் இக்குற்ற வழக்கு முடிந்துவிடாது. பெண் 18 வயதுக்கு உட்பட்டவராயின் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் பொருந்தும். அவருடைய சம்மதம் கணக்கில் வராது, குற்றத்தை அறிந்தவர் புகாரளிக்காமல் இருப்பதும் குற்றம். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம்: வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எந்தப் பெண்ணும் இலவசச் சட்ட உதவி பெறலாம். அவசர உதவிக்குப் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைக்கலாம்.

அன்று அந்தத் தாய்மாமனைச் சற்று வெளியே அமரச் சொல்லிவிட்டு, பெண்ணிடம் தனியாகப் பேசினேன். "அவன் இனிமேல் எங்கள் தெருப் பக்கம் வராமல் செய்ய முடியுமா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். அவனுடைய ஜாமீனை எதிர்த்து நான் தாக்கல் செய்த மனு, அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.