நன்கொடையா, முதலீடா? கொடுக்கும் முன் ஒரு நிமிடம்

ஜூலை பிறந்தால் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் நன்கொடை ரசீதுகள் வந்து குவியும். போன வருடம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அப்படியொரு ரசீதை மேஜையில் வைத்தார். ஓர் அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய், ரொக்கமாகக் கொடுத்தது. கீழே ரப்பர் ஸ்டாம்ப்பில் ‘80ஜி உண்டு’ என்று குத்தியிருந்தது. நன்கொடையை வரிக்கான வருமானத்தில் கழித்துக் காட்ட உதவும் வருமான வரிச் சட்டப் பிரிவு அது.

“வரி குறையும்தானே சார்?”

குறையாது என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது. ரொக்கமாகக் கொடுத்தது 2,000 ரூபாயைத் தாண்டினால் 80ஜி கழிவு கிடையாது. போதாததற்கு, அந்த அறக்கட்டளை மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டிய, நன்கொடையாளர் விவரம் அடங்கிய 10பிடி படிவத்தைத் தாக்கல் செய்யவே இல்லை. அதனால் கொடுத்தவருக்கு வர வேண்டிய 10பிஇ சான்றிதழும் இல்லை. அப்புறம் பார்த்தால், அவர் இருந்ததே புதிய வரி முறையில். அதில் 80ஜி கழிவே கிடையாது. 2023-24 முதல் இந்தப் புதிய முறைதான் இயல்புத் தேர்வு என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை.

வரிச் சலுகைக்காகக் கொடுப்பது இப்படிக் குறுகி வரும் அதே காலத்தில், வேறு வழிகளில் பணம் வரத் தொடங்கியிருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நிறுவனம் கொடுக்கும்போது கணக்கு கேட்கிறது. அந்தப் பழக்கம் தனிநபர்களுக்கும் வந்தால் மிகவும் நல்லது.

இப்போது என்னிடம் அதிகம் கேட்கப்படுவது சமூகப் பங்குச் சந்தையைப் பற்றித்தான். சமூகப் பணி செய்யும் அமைப்புகள் பொதுமக்களிடம் பணம் திரட்டப் பங்குச் சந்தைக்குள்ளேயே இருக்கும் தனிப் பிரிவு அது. 2019 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது; 2022-ல் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபி விதிமுறை வகுத்தது. இதில் லாப நோக்கமற்ற அமைப்புகள் ‘ஜீரோ கூப்பன் ஜீரோ பிரின்சிபல்’ என்ற பத்திரத்தை வெளியிடலாம். பத்திரம் என்றதும் ஒருவர் ஆர்வமாக, “வட்டி எந்த மாசம் வரும் சார்?” என்றார். வட்டியும் வராது, அசலும் திரும்பாது. பெயரிலேயே அது இருக்கிறது. பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் உட்கார்ந்திருந்தாலும் அது நன்கொடைதான். சாதாரண நன்கொடையைவிட இதில் என்ன கூடுதல் என்றால், வெளியிட்ட அமைப்பு, செய்த பணியால் என்ன பலன் விளைந்தது என்று காட்டும் தாக்க அறிக்கையை ஆண்டுதோறும் தர வேண்டும். இதில் ஒருவர் போட வேண்டிய குறைந்தபட்சத் தொகையை 2 லட்சத்திலிருந்து 10,000 ஆகவும், 2025-ல் 1,000 ரூபாயாகவும் செபி குறைத்திருக்கிறது.

தாக்க முதலீடு வேறு சங்கதி. அதில் போட்ட பணம் திரும்ப வர வேண்டும், சமூகப் பலனும் அளந்து காட்டப்பட வேண்டும். நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் 2015 முதல் 2018 வரை நடந்தது. எஜுகேட் கேர்ள்ஸ் அமைப்பு சிறுமிகளைப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்க, யூபிஎஸ் ஆப்டிமஸ் பவுண்டேஷன் முன்பணம் போட்டது. இலக்கு எட்டினால் அந்தப் பணத்தைத் திருப்பித் தருவதாக இன்னொரு அறநிறுவனம் ஒப்புக்கொண்டது. எட்டியதா இல்லையா என்று அளந்தது இவர்கள் யாருமில்லை, ஒரு வெளி அமைப்பு. பள்ளியில் சேர்ப்பதில் இலக்கின் 116 சதவீதமும், கற்றலில் 160 சதவீதமும் எட்டினார்கள். முன்பணம் போட்டவருக்கு 15 சதவீத வருவாயோடு பணம் திரும்பியது.

இதில் என்னைக் கவர்ந்தது அந்த 15 சதவீதம் இல்லை. சேர்த்ததோடு நிறுத்தாமல், கற்றார்களா என்றும் பார்த்ததுதான். ‘500 பேருக்குத் தையல் பயிற்சி அளித்தோம்’ என்று ஓர் அறிக்கை வந்தால், ஒரு வருடம் கழித்து அதில் எத்தனை பேர் தைத்துச் சம்பாதிக்கிறார்கள் என்று கேளுங்கள். நேர்மையான அமைப்பு கோபப்படாது. குறைந்த எண்ணிக்கையாக இருந்தாலும் உள்ளதைச் சொல்லும்.

‘சமூக முதலீடு, மாதம் நிச்சய வருமானம்’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மட்டும் தயவுசெய்து பணத்தை எடுக்காதீர்கள்.

அந்த ஆசிரியர் இந்த வருடமும் வந்தார். கழிவு கிடைக்காது என்று தெரிந்தே வேறோர் அமைப்புக்கு வங்கி வழியாகக் கொடுத்திருக்கிறார். ரசீதோடு அவர்களுடைய ஆண்டறிக்கையையும் கொண்டுவந்திருந்தார். வரவு செலவுப் பக்கத்தைத் திறந்து, நிர்வாகச் செலவுக்குக் கீழே பென்சிலால் போட்டிருந்த கோட்டைக் காட்டி, “இது நியாயமான தொகைதானா, பாருங்க சார்” என்றார். அரை மணி நேரம் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.