காப்பகத்துக்குப் பதில் மாதப் படி: கையெழுத்துப் போடும் முன்

சேலம் பக்கம் சில கம்பெனிகளில் குழந்தைகள் காப்பகம் கேட்டால், "எதுக்கும்மா காப்பகம்? மாசம் ரெண்டாயிரம் படி போட்டுடறோம், அதுக்கு வரியும் கிடையாது" என்று ஹெச்.ஆர். பேச்சை முடித்துவிடுகிறார். கூடவே ஒரு தாளும் வரும்: 'எனக்குக் காப்பக வசதி தேவையில்லை.' அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணமாக வரும் படி சம்பளம்தான். காப்பக ரசீதை மாதாமாதம் இணைத்துக் கொடுத்தாலும் அது சம்பளமாகவே கணக்கில் ஏறும். வரி பிடிக்கவில்லை என்றால் அதற்குக் காரணமே வேறு. புதிய வரி முறையில் ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம் வரை எப்படியும் வரி வராது. கம்பெனி தந்த சலுகை இதில் எதுவும் இல்லை. போனது காப்பகம் மட்டும்தான்.

சட்டம் சுருக்கம்தான். 50 ஊழியர் இருந்தால் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளில் 4 முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. எண்ணிக்கையில்தான் ஏமாற்று. "அம்பது பொம்பளைங்க இல்லையே" என்பார்கள். ஆண்களும் சேர்ந்துதான் 50. ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் '50 பெண்கள் அல்லது 20 குழந்தைகள்' என்று யாராவது சொன்னால், அது 1951 தோட்டச் சட்டத்தின் கணக்கு. அந்தச் சட்டமே இப்போது இல்லை. ஒரே கேட்டுக்குள் இரண்டு கம்பெனிப் பெயர் வைத்து ஆளைப் பிரித்துக் காட்டுவதும் உண்டு. அடையாள அட்டை, சம்பளச் சீட்டு இரண்டையும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள்.

வெளிக் காப்பகத்தோடு கம்பெனி ஒப்பந்தம் போடலாம், தப்பில்லை. ஆனால் வேலை சீலநாயக்கன்பட்டியில், காப்பகம் அஸ்தம்பட்டியில் என்றால் நாலு முறை எப்படிப் போய் வருவது? அதை எழுத்தில் கேளுங்கள்.

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு ஒன்று. நர்சரி, ப்ளே ஸ்கூல் டியூஷன் ஃபீஸை 1.5 லட்ச வரம்புக்குள் கழிக்கலாம்; முன்பு பிரிவு 80சி, புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு 123. வெறும் காப்பகக் கட்டணம் இதில் சேராது. அதனால் ரசீதில் டியூஷன் ஃபீஸைத் தனித் தொகையாகப் போடச் சொல்லுங்கள். "ஏப்ரலிலேயே சொல்லலையே, இனி புது முறைதான்" என்று கணக்குப் பிரிவு சொன்னால் நம்பாதீர்கள். சம்பளக்காரர் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது, கெடு தேதிக்குள், முறையை மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் புகார். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். கடை, ஆஸ்பத்திரி, எஸ்டேட் என்றால் தொழிலாளர் துறை. இடம் மாறிப் போனால் "இது எங்க செக்‌ஷன் இல்லை" என்ற ஒரே பதிலோடு அரை நாள் சம்பளம் போகும். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் அதே மனுவின் நகலைக் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். மனுவில் படி பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். மொத்த ஊழியர் எத்தனை பேர், காப்பகம் இல்லை. இவ்வளவு எழுதினால் போதும்.