றிலே: அஞ்சல் ஆளி

உப்புவெளி என்ற பெயரிலேயே உப்பு இருக்கிறது. அந்தக் கடற்காற்றில் நிற்கும் கார்களின் மின்இணைப்புகளில் பச்சை பூப்பது திருகோணமலையில் புதினமில்லை. என் பழைய காரும் ஒரு காலை உயிர் பெறவில்லை. திறப்பைத் திருப்பினால் பின் இருக்கைக்கு அடியில் இரண்டு செக்கன் ‘ஊம்’ என்று பெற்றோல் பம் முனக வேண்டும். முனகவில்லை. கராஜில் பியூசைப் பார்த்தார்கள், சரி. பம்முக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சிறு சுவிட்சான றிலே ‘டிக்’ என்றது, அதுவும் சரி. “அப்ப பம்தான் போயிட்டுது” என்று புதுப் பம் பூட்டினார்கள். மூன்றாம் கிழமை கார் மறுபடி நின்றது.

‘றிலே’ என்ற சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது. வேட்டைப் பாதையில் இடையிடையே களைப்பில்லாத நாய்களை நிறுத்தி வைப்பார்கள். களைத்தவை நிற்க, புதியவை துரத்தும். பிறகு அது தபால் குதிரைகளுக்கும் ஆனது. குதிரை மாறும், கடிதம் மாறாது. நீண்ட தந்திக் கம்பியில் மின்சாரம் மெலிந்துபோகும். மெலிந்ததைக் கொண்டு மின்காந்தத்தால் ஓர் ஆளியை (சுவிட்சை) இழுத்து, அடுத்த பற்றறியின் புது மின்சாரத்தைத் திறந்துவிடலாம் என்பது 1830களில் அமெரிக்கர் ஜோசப் ஹென்றி கண்ட வழி. பெயர் அங்கும் பொருந்தியது.

காரிலும் இதே கதைதான். றிலேயின் 85, 86 என்ற கால்களுக்கு இடையே உள்ளது மின்காந்தச் சுருள். ஓர் அம்பியரில் ஐந்திலொரு பங்கு அளவே அதற்குப் போதும். 30, 87 என்ற கால்களுக்கு இடையே பம் இழுக்கும் பல அம்பியர் பாயும். கட்டளை ஒரு பாதை, வேலை இன்னொரு பாதை.

தமிழ்நாட்டில் இதற்கு ‘உணர்த்தி’ என்ற சொல் உண்டு. எனக்கு ஒட்டவில்லை. ‘உணரி’ ஏற்கெனவே சென்சருக்குப் போய்விட்டது. இரண்டையும் குழப்பினால் பொருளே மாறும். ‘தொடர் ஆளி’ என்றால் தொடர்சுற்று நினைவுக்கு வந்து குழப்பும். நம்மிடமோ நல்ல சொல் கிடக்கிறது. பள்ளி விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டம் ஓடியிருக்கிறோம். கோயில் தேரை வானொலியில் ‘நேரடி அஞ்சல்’ என்று கேட்டிருக்கிறோம். பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தபாலுக்கே அஞ்சல் என்றுதான் பெயர் இருந்தது. ஆள் மாறிச் செய்தி போவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பாடநூலில் சுவிட்சுக்கு ‘ஆளி’, பியூசுக்கு ‘உருகி’ என்று படித்த நமக்கு றிலே ‘அஞ்சல் ஆளி’ ஆவதில் என்ன தடை?

காரை இரண்டாவதாகப் பார்த்த வயதான பாஸ் (மெக்கானிக்) இதையெல்லாம் படித்தவரல்லர். “டிக் எண்டு சத்தம் வருதுதானே, பாஸ்?” என்றேன்.

“சத்தம் வந்தா ஓடர் போயிட்டுது எண்டு அர்த்தம், தம்பி. கரண்ட் போயிட்டுது எண்டு இல்லை.”

திறப்பைப் போட்டு, பம்முக்குக் கட்டளை போகும் அந்த இரண்டு செக்கனுக்குள் மீற்றரை வைத்தார். 30இல் 12 வோல்ட்டுக்கு மேல். 87இல் 7கூட இல்லை. நல்ல றிலேயில் இந்த வித்தியாசம் ஒரு வோல்ட்டில் சிறு பங்குதான். உள்ளே தொடுமுனைகள் கருகி, தொட்டும் தொடாமலும் கிடந்திருக்கின்றன. ஹோர்னின் றிலேயும் அதே இலக்கம் என்பதைப் பார்த்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றினார். கார் ஓடியது, ஹோர்ன் ஊமையானது. வேறு சாட்சி எதற்கு? கழற்றி எறிந்த பம்மை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

உதிரிப்பாகக் கடையில் வீம்புக்கு “ஒரு அஞ்சல் ஆளி தாங்கோ” என்றேன்.

“அஞ்சு காலோ? உங்கட வண்டிக்கு நாலு கால்தானே, அண்ணை.”