ஆல்பிடோ: துருவப் பனி உருகலைப் புரிய வைக்கும் சொல்

துருவப் பனி பற்றிய கட்டுரைகளில் 'ஆல்பிடோ' என்ற சொல் பெரும்பாலும் விளக்கமில்லாமலே வந்துபோகும். ஒரு பரப்பில் விழும் சூரிய ஒளியில் எத்தனை பங்கு திரும்பிப் போகிறது என்பதே அது. முழுவதையும் விழுங்கினால் 0, முழுவதையும் திருப்பினால் 1.

வேர் லத்தீன். 'ஆல்புஸ்' என்றால் வெள்ளை, 'ஆல்பிடோ' என்றால் வெண்மை. போட்டோ ஆல்பமும் இதே குடும்பம்தான். ரோமில் பொது அறிவிப்பு எழுதிய வெள்ளைப் பலகைக்கு 'ஆல்பம்' என்று பெயர். இதை அறிவியல் சொல்லாக்கியவர் யோகான் ஹைன்ரிக் லாம்பெர்ட், ஒளியளவியல் பற்றிய தமது 1760-ஆம் ஆண்டு நூலில்.

சரி, ஆர்க்டிக்குக்கு வருவோம். புதிதாய் விழுந்த பனியின் ஆல்பிடோ 0.8-க்கு மேல். வெறும் கடற்பனி 0.5 முதல் 0.7 வரை. திறந்த கடலோ வெறும் 0.06. கோடையில் கடற்பனிமேல் உருகிய நீர் குட்டை குட்டையாகத் தேங்கும். மேலிருந்து பார்த்தால் வெள்ளைப் பரப்பில் நீலத் திட்டுகள். அடியில் பனி இருந்தாலும், அந்தத் திட்டு சுற்றியுள்ள வெள்ளையைவிட அதிக வெயிலை வாங்கும். அதனால் இன்னும் உருகும், கடல் வெளியே தெரியும், கடல் இன்னும் சூடாகும். இந்தச் சுழலை 1969-இல் சோவியத் விஞ்ஞானி புடிகோவும் அமெரிக்கர் செல்லர்ஸும் தனித்தனியே கணக்கிட்டுக் காட்டினார்கள். 1979-இலிருந்து ஆர்க்டிக், உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய 4 மடங்கு வேகத்தில் சூடாகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இது மட்டுமே காரணம் என்று எழுதுவது தவறு. வெயிலே இல்லாத துருவக் குளிர்காலத்தில் ஆல்பிடோவுக்கு வேலையில்லை.

பனி என்றாலே வெள்ளை என்றும் நினைத்துவிடக் கூடாது. கிரீன்லாந்துப் பனிமேல் தூசும் கரியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த கறுப்புத் துகள் படிகிறது. அது வெயிலில் சூடாகி, தன் கீழுள்ள பனியை உருக்கி, குழாய்போல் செங்குத்தாகத் துளைத்துக்கொண்டு இறங்கும். எட்டிப் பார்த்தால் தெளிந்த நீர், அடியில் கறுப்பு வண்டல்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'எதிரொளிதிறன்' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு சிக்கல்: பள்ளி இயற்பியலில் 'திறன்' என்றால் வாட்டில் அளக்கும் வேறொரு அளவு. ஆல்பிடோவோ அலகே இல்லாத விகிதம். ஆகவே 'எதிரொளி விகிதம்' பொருந்தும். எதிரொளிப்பைத் 'தெறிப்பு' என்று படித்த இலங்கை வாசகர்களுக்குத் 'தெறிப்பு விகிதம்' இன்னும் இயல்பாக இருக்கும். பனி கண்ணாடிபோல ஒரே திசையில் ஒளியைத் திருப்பாமல் நாலாபக்கமும் சிதறடிப்பதால், எனக்கும் 'தெறிப்பு' பிடித்திருக்கிறது.

உருகல் மேலும் உருகலைத் தூண்டும் அந்தச் சுழலுக்கு வழங்கும் 'நேர்மறைப் பின்னூட்டம்' என்ற தொடரை மட்டும் தவிர்க்கலாம். யாரோ பாராட்டிக் கமெண்ட் போட்டதுபோல இருக்கிறது. 'தன்னைத்தானே பெருக்கும் விளைவு' நீளம்தான், ஆனால் குழப்பமில்லை.