ஒரு கனகாம்பரத்துக்கு நான்கு எண்கள்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்பு படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒரு கற்பனைச் சேலைக் கடைக்கு பிராண்ட் கைட்லைன் தயாரிக்கிறேன் சார். முதன்மை நிறம் கனகாம்பரம். திரையில் 255, 106, 19 என்று கொடுத்தேன், பளிச்சென்று இருக்கிறது. அச்சடித்தால் மங்கிப் போகிறது. அச்சுக் கடையில் கேட்டால் ‘உங்க ஃபைல் அப்படி’ என்கிறார்கள். ஆசிரியர் ‘பான்டோன் எண் போடு’ என்கிறார். ஒரே நிறத்துக்கு எதற்கு இத்தனை எண்கள்? இவற்றில் எது உண்மையான நிறம்?”

நல்ல கேள்வி. இதற்கு விடை தேடிப் போனால் அச்சு இயந்திரத்தைத் தாண்டி நம் விழித்திரை வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

பிராண்ட் கைட்லைன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஒரு நிறுவனத்தின் லோகோவை எப்படிப் போடலாம், எப்படிப் போடக்கூடாது, சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும், எந்த எழுத்துரு, எந்த நிறம் என்றெல்லாம் சொல்லும் விதிப் புத்தகம். நாட்டுக் கொடிக்கும் இப்படி விதிகள் உண்டு. சிங்கப்பூர்க் கொடியின் உயரமும் அகலமும் 2:3 விகிதத்தில் இருக்க வேண்டும். அதன் சிவப்பு பான்டோன் 032, அதாவது மைகளுக்கு எண் கொடுத்து விற்கும் பான்டோன் நிறுவனத்தின் பட்டியலில் உள்ள ஒரு நிறம். இவ்வளவு தெளிவாக எழுதி வைத்தும் ஆகஸ்ட் மாதம் வீவக புளோக்குகளை அண்ணாந்து பார்த்தால் துணிக்கொடியில் ஒரு சிவப்பு, பிளாஸ்டிக் கொடியில் வேறொரு சிவப்பு.

கைட்லைனில் நிறத்துக்கென்று இருக்கும் பக்கத்தில் பெரும்பாலும் நான்கு வரிகள் இருக்கும். திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளி அளவுகளான ஆர்ஜிபி, அதையே வேறு முறையில் எழுதிய ஹெக்ஸ், அச்சுக்கான சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை அளவுகளான சிஎம்ஒய்கே, பிறகு பான்டோன். முதல் இரண்டும் ஒன்றேதான். மற்றவை அப்படி அல்ல. ஒன்றுக்கொன்று சமம் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

நம் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மூன்று வகை என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ஒரு வகை சுமார் 420 நானோமீட்டர் அலைநீளத்தில் அதிகம் தூண்டப்படும், இன்னொன்று 530-ஐ ஒட்டி, மூன்றாவது 560-ஐ ஒட்டி. இதைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்களைப் பார்க்கும் மூன்று செல்கள் என மனப்பாடம் செய்துவிட்டு எல்லோரும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். நடப்பது அதைவிட விசித்திரமானது. எந்தக் கூம்பு செல்லுக்கும் தனியாக நிறம் தெரியாது!

தன்மேல் விழுந்த ஒளித்துகள்களில் எத்தனையைப் பிடித்தோம் என்பது மட்டுமே ஒரு கூம்பு செல்லுக்குத் தெரியும். பிடித்த துகள் 500 நானோமீட்டரா 600 நானோமீட்டரா என்று அது குறித்து வைப்பதில்லை. தேக்கா சந்தைக்குப் போய்த் திரும்பியவர் “இருபது வெள்ளி செலவாச்சு” என்று மட்டும் சொல்கிறார். மீன் வாங்கினாரா, முருங்கைக்காய் வாங்கினாரா, அந்தத் தொகையை வைத்துச் சொல்ல முடியுமா? கூம்பு செல் மூளைக்கு அனுப்புவதும் இப்படி ஒரு மொத்தத் தொகைதான். தனக்கு அதிகம் பிடித்த அலைநீளத்தில் கொஞ்சம் ஒளி விழுந்தாலும், அவ்வளவாகப் பிடிக்காத அலைநீளத்தில் நிறைய ஒளி விழுந்தாலும் தொகை ஒன்றாகிவிடலாம். வேதியியலும் கணிதமும் கைகோத்த இந்த உண்மையை 1970-களில் ரஷ்டன் என்ற பிரிட்டிஷ் உடலியலாளர் ஒரு கோட்பாடாகவே எழுதி வைத்தார்.

இதன் விளைவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். கண்ணுக்குள் வரும் ஒளியில் 400 முதல் 700 நானோமீட்டர் வரை ஒவ்வோர் அலைநீளத்திலும் ஏதோ ஓர் அளவு இருக்கிறது. முழுமையாக எழுத வேண்டுமானால் நீண்ட வளைகோடு ஒன்றையே வரைய வேண்டும். அந்த வளைகோடு முழுவதையும் கண் மூன்றே எண்களாகச் சுருக்கிவிடுகிறது. மிச்சம் அனைத்தும் அங்கேயே தொலைந்துபோகிறது, மூளைக்கு எட்டுவதே இல்லை. ஆகவே முற்றிலும் வேறான இரண்டு வளைகோடுகள் அதே மூன்று எண்களைத் தந்தால், நமக்கு அவை இரண்டும் ஒரே நிறம். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். எனக்கு அறிவியலில் மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று. கண்ணின் இந்தக் குறைபாட்டை நம்பித்தான் தொலைக்காட்சி, கைத்தொலைபேசி, அச்சு எல்லாமே இயங்குகின்றன.

நம்பிக்கை வரவில்லையென்றால் இன்றிரவே சோதித்துப் பார்க்கலாம். கைத்தொலைபேசித் திரையில் நல்ல மஞ்சள் நிறத்தை ஒரு மெல்லிய கோடாக வரவழையுங்கள். அறையை இருட்டாக்கி, பழைய சிடி ஒன்றின் பளபளப்பான பக்கத்தைச் சாய்த்து, அதில் அந்தக் கோடு பிரிந்து தெரியும்வரை திருப்புங்கள். சிவப்பும் பச்சையும் பிரகாசமாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில், மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் ஒளி மங்கிக் கிடக்கும். திரை மஞ்சள் ஒளியை ஏறக்குறைய அனுப்பவே இல்லை. சிவப்பையும் பச்சையையும் சேர்த்து அனுப்பியது, உங்கள் மூன்று தொகைகளும் மஞ்சளுக்கு உரிய தொகைகளாக அமைந்தன, மூளை மஞ்சள் என்று முடிவு செய்துவிட்டது. அதே திரையை வெள்ளையாக்கி அதன்மேல் ஒரு சிறு நீர்த்துளியை வைத்துப் பார்த்தால், துளி லென்ஸாகி, உள்ளே சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் நெருங்கி நிற்பது தெரியும். வெள்ளை எங்குமே இருக்காது.

இந்த மூன்று எண்களைத் தரப்படுத்தியது 1931-இல். 1920-களில் பிரிட்டனில் ரைட், கில்ட் என்ற இருவர் தனித்தனியாகச் சோதனை நடத்தினார்கள். ஒருவரிடம் 10 பேர், மற்றவரிடம் 7 பேர். ஒரு சிறு வட்டத்தின் பாதியில் ஒரு தனி அலைநீள ஒளி, மறுபாதியில் மூன்று விளக்குகளின் கலவை. இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை கலவையைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. அந்த 17 பேரின் கண்கள் தந்த அளவுகளை வைத்துத்தான் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் ‘சராசரிக் கண்’ ஒன்றை வரையறுத்தது. இன்று நீங்கள் தட்டும் 255, 106, 19-க்கு அர்த்தம் கொடுப்பது அந்தச் சராசரிக் கண். அன்று இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்களில் யாராவது “இதனால் அடுத்த வருடம் என்ன லாபம்” என்று கறாராகக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. உடனடிப் பயன் தெரியாத அடிப்படை ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தை வீண் என்று சொல்பவர்களிடம் நான் காட்டும் உதாரணம் இதுதான்.

இனி கனகாம்பரம் ஏன் மங்கியது என்று பார்க்கலாம்.

திரை ஒளியைத் தானே உமிழ்கிறது. தாள் அப்படிச் செய்யாது. அறையின் விளக்கொளியில் ஒரு பகுதியை மை விழுங்கிவிட, மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. சியான் மை சிவப்பை விழுங்கும், மெஜந்தா பச்சையை விழுங்கும், மஞ்சள் நீலத்தை விழுங்கும். உங்கள் கனகாம்பரத்துக்கு மஞ்சள் மை முழுதாகவும் மெஜந்தா ஏறக்குறைய 70 விழுக்காடும் வேண்டும். அச்சில் 70 விழுக்காடு என்பது மையில் தண்ணீர் கலப்பதல்ல. இடத்தில் 70 பங்கை மெஜந்தாப் புள்ளிகள் மூடியிருக்கும், 30 பங்கில் மெஜந்தா இருக்காது. அந்த 30 பங்கின் வழியாகப் பச்சைப் பகுதி ஒளி முழுவதும் கசிந்து திரும்பும்.

பளிச்சென்ற ஆரஞ்சுக்குத் தேவை வேறு. ஓர் அலைநீளத்துக்குக் கீழே எல்லாவற்றையும் தடுத்து, அதற்கு மேலே எல்லாவற்றையும் விட வேண்டும், நடுவில் சுவர் எழுப்பியது மாதிரி. ஆரஞ்சுக்கென்றே தயாரித்த நிறமி கிட்டத்தட்ட அதைச் செய்துவிடும். புள்ளிகளால் அந்தச் சுவரை எழுப்ப முடியாது. பச்சைப் பகுதி முழுக்கக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்ததாகவே ஆகும். அந்தக் கசிவு நிறத்தின் செறிவைக் குறைத்து மங்கலாக்கிவிடுகிறது. கடைக்காரர் மேலும் தவறில்லை, உங்கள் ஃபைல் மேலும் தவறில்லை. அந்த நான்கு மைகளால் தொட முடியாத இடத்தில் உங்கள் நிறம் நிற்கிறது.

பான்டோன் 1963-இல் கொண்டுவந்த முறை இதற்கு மருந்து. புள்ளி வைத்துக் கலக்காமல், மையையே முன்கூட்டிக் கலந்து ஒரே மையாக அச்சடிப்பது. ஆசிரியர் சொன்னது அந்த வகையில் சரி. ஆனால் பிராஸ் பசா பக்கம் மாணவர்கள் பத்துப் பக்கம் அச்சடிக்கும் கடைகளில் இருப்பவை பெரும்பாலும் டிஜிட்டல் இயந்திரங்கள். ஃபைலில் பான்டோன் எண் இருந்தாலும் அவை தம்மிடமுள்ள நான்கு மைகளாலேயே அதை நெருங்கப் பார்க்கும். ஆகவே எண்ணைப் போட்ட பிறகும் உங்கள் தாள் மங்கலாகவே வரும். ஆசிரியரிடம் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள். கையில் ஒரு பான்டோன் விசிறியை, அதாவது விசிறி போல் விரியும் நிற மாதிரி அட்டைகளை, வைத்துக் காட்டுங்கள், அங்கேதான் அசல் மையின் நிறம் இருக்கிறது. அந்த விசிறியிலும் வழவழப்புத் தாளுக்கு ‘சி’, சாதாரணத் தாளுக்கு ‘யு’ என்று இரண்டு இருக்கும். மை ஒன்றுதான், தாள் உறிஞ்சும் விதம் வேறு.

இன்னொரு சிக்கல் விளக்கு. சிராங்கூன் சாலையில் சேலை எடுக்கும் நம் அம்மாக்களுக்கு இது நன்றாகத் தெரியும். கடைக்குள் சேலையும் ரவிக்கைத் துணியும் அச்சு அசலாகப் பொருந்தினாலும் விடமாட்டார்கள். “கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுப்பா” என்று இரண்டையும் ஐந்தடிப் பாதைக்குக் கொண்டுபோய், ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அங்கே ரவிக்கை சற்றுச் சிவந்து தெரியும். பட்டுக்கும் பருத்திக்கும் சாயம் வேறு, ஒளியைத் திருப்பி அனுப்பும் வளைகோடும் வேறு. கடைக்குள் எரியும் வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடி மேல், நீல ஒளியை வாங்கி மஞ்சளாக உமிழும் பாஸ்பர் என்ற பொருளைப் பூசியது. நீலத்தில் ஒரு கூர்மையான மேடு, அதையடுத்து ஒரு பள்ளம். அந்த ஒளியில் இரண்டு துணிகளும் தற்செயலாக அதே மூன்று தொகைகளைத் தந்தன, வெயிலில் தரவில்லை. மெட்டாமெரிசத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனையை எந்த ஆய்வகமும் நடத்துவதில்லை. அச்சுத் துறையும் இதையேதான் செய்கிறது: 5000 கெல்வின் தர விளக்கின் கீழ் வைத்தே நிறத்தை ஒப்பிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது.

ஆக, உங்கள் நிறப் பக்கத்தில் நான்கு எண்களுக்கு மேல் இன்னும் சில வரிகள் வேண்டும். எந்த எண் தலைமை என்று சொல்லுங்கள். மற்றவை அதை நெருங்கும் முயற்சிகள் என்று வெளிப்படையாக எழுதுங்கள். கண்ணின் உணர்வை ஒட்டி 1976-இல் வகுத்த லேப் எண்ணையும் கொடுங்கள், அது மையையோ திரையையோ சார்ந்ததல்ல. எவ்வளவு விலகலாம் என்பதற்கு டெல்டா இ என்ற அளவு இருக்கிறது. அது 1-ஐ ஒட்டி இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே கண்டுபிடிப்பது கடினம், 5-ஐத் தாண்டினால் யாருக்கும் தெரியும். சிஎம்ஒய்கே எண்ணை மென்பொருள் தானாக மாற்றித் தருவதற்கு விடாதீர்கள். நான்கைந்து கலவைகளை அச்சடித்து, வெளியே கொண்டுபோய்ப் பார்த்து, உங்கள் கண்ணுக்குப் பிடித்ததை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

இதே பக்கத்தில் “நீலம் நம்பிக்கையைத் தரும், சிவப்பு பசியைத் தூண்டும்” என்று மாணவர்கள் எழுதுவதையும் பார்க்கிறேன். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். நிறத்துக்கு எல்லா மனிதர்களுக்கும் பொதுவான ஒரே பொருள் இருப்பதாக அறிவியல் நிறுவவில்லை. நம் ஊரிலேயே வெள்ளைச் சட்டை பள்ளிச் சீருடையாகவும் இருக்கிறது, துக்க வீட்டு உடையாகவும் இருக்கிறது. முதலாளியின் ராசிக்கு எந்த நிறம் பொருந்தும் என்று ஜோதிடரைக் கேட்டு லோகோ வரைவதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் சான்று இல்லை. சேலைக் கடைக்குக் கனகாம்பரம் ஏன் என்றால், கூந்தலில் வைக்கும் பூ வாடிக்கையாளர்களுக்குப் பழகிய நிறம் என்று எழுதுங்கள், அது சரிபார்க்கக்கூடிய காரணம்.

கடைசியாக எழுத்து. நுணுக்கமான வடிவங்களைக் கண் பார்ப்பது பெரும்பாலும் 530, 560 வகைக் கூம்பு செல்களால்தான். 420 வகை எண்ணிக்கையில் மிகக் குறைவு, விழித்திரையின் மையப்புள்ளியில் அறவே இல்லை. ஆகவே சிறிய எழுத்து தெரிய வேண்டுமானால் நிற வித்தியாசம் போதாது, வெளிச்ச வித்தியாசம் வேண்டும். திரையில் வெளிச்சத்தைக் கணக்கிடும்போது பச்சைக்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு வெறும் 0.0722 என்று எடை கொடுப்பது இதனால்தான். அந்தக் கணக்கின்படி உங்கள் கனகாம்பரத்தின்மேல் வெள்ளை எழுத்துக்கு வரும் வேறுபாடு 2.87:1. இணையத் தரம் சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5:1, பெரிய எழுத்துக்கே 3:1. கறுப்பு எழுத்துக்கு 7.3:1 வருகிறது. ஆங்கிலத்தில் வெள்ளை எழுத்தை எப்படியோ சமாளித்துவிடலாம். தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. ‘பட்டுச் சேலைகள்’ என்று 8 பாயிண்ட் அளவில் வெள்ளையில் அச்சடித்தால், சுற்றியுள்ள மை கசிந்து அந்தச் சிறு வட்டங்களை மூடிவிடும். உங்கள் கைட்லைனில் எழுத்தின் குறைந்தபட்ச அளவை ஆங்கில எழுத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ‘ட்’டின் புள்ளி தெளிவாகத் தெரிகிற அளவை அச்சடித்துப் பார்த்து, அதையே விதியாக எழுதுங்கள்.