பழி எட்டுக்கால் பூச்சி மேல்

மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள் கொப்புளத்தையோ வீக்கத்தையோ காட்டி, "எட்டுக்கால் பூச்சி கடிச்சிருச்சு டாக்டர்" என்பார்கள். பூச்சியைப் பார்த்தீர்களா என்று கேட்டால், "இல்லைங்க, காலையில எந்திரிச்சா இப்படி இருந்துச்சு" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

ஏறக்குறைய எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு. அதில் பூச்சிகளின் நரம்பை முடக்கும் சிறு புரதங்களும் சில நொதிகளும் கலந்திருக்கும். ஆனால் நம் வீட்டு மூலையில் வலை கட்டுபவை மனிதத் தோலைத் துளைப்பதே அபூர்வம். துளைத்தாலும் கொஞ்சம் வலி, தடிப்பு; சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வைத்தால் போதும். கருப்பு விதவைச் சிலந்தியின் கதை வேறு. அதன் விஷத்திலுள்ள ஆல்ஃபா லாட்ரோடாக்சின், நரம்பு முனைகளில் சேர்ந்திருக்கும் வேதிப்பொருளை மொத்தமாக வெளியே தள்ளிவிடும். தசை இழுக்கும், வியர்த்துக் கொட்டும், வயிறு இறுகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மரப்பொந்துகளில் வாழும் புலிச்சிலந்தி கடித்தாலும் கடும் தசைப்பிடிப்பு வரலாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் அழுகிய புண் படங்களுக்குச் சொல்லப்படும் பழுப்புச் சிலந்தியோ அமெரிக்கக்காரன்.

சரி, அப்போ அந்தக் கொப்புளம்? கோடு இழுத்த மாதிரி எரிந்தால், விளக்கைத் தேடி வரும் ஒரு சிறு வண்டைத் தோலோடு நசுக்கியிருப்பீர்கள். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் கொத்துக் கொத்தாக வந்தால் அக்கி. காவி எழுதுவது உங்கள் இஷ்டம்; ஆனால் 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது. சர்க்கரை நோயாளிக்குக் கால் சிவந்து சூடாக வீங்கினால் அது பெரும்பாலும் கிருமித்தொற்று. காய்ச்சலோடு அக்குளிலோ தொடை இடுக்கிலோ வலியில்லாத கறுத்த பொருக்கு இருந்தால் ஸ்க்ரப் டைபஸ் என்று சந்தேகிப்போம். புதரிலுள்ள சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் அடங்கும். கூச்சப்பட்டு அந்த இடத்தை மறைக்காதீர்கள்.

எனக்கு உண்மையில் பயம் கட்டுவிரியன்தான். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கடித்தால் பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம், வலியும் பெரிதாக இருக்காது. "ஏதோ பூச்சி" என்று மந்திரிக்கப் போய்விடுவார்கள். விடிகாலையில் வயிற்றுவலி, இமை சொருகல், எச்சில் விழுங்க முடியாமை என்று ஏதாவது வந்தால் உடனே 108. வெண்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவர வேண்டாம். இமை தொங்குவதைப் பார்த்தே மருந்தைத் தொடங்குவோம்.