கொலாஜ் என்பதற்கு ஒட்டோவியம்

கனவுகளைப் படமாக்கும் கைபேசிச் செயலி ஒன்றைத் தமிழில் வடிவமைக்க உட்கார்ந்தால், முதல் திரையிலேயே 'கொலாஜ்' என்ற சொல் வந்து நிற்கும். அதை அப்படியே விட்டுவிடலாமா, தமிழில் சொல்வதென்றால் எப்படிச் சொல்வது?

தாள், புகைப்படம், துணி, செய்தித்தாள் துண்டு என்று வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்தவற்றை ஒரே பரப்பில் ஒட்டி உருவாக்கும் படம்தான் கொலாஜ். கைபேசியில் நாலு புகைப்படங்களைக் கட்டம் கட்டி அடுக்கித் தருவதற்கும் இதே பெயர் வைத்துவிட்டார்கள். அது வெறும் அடுக்கல். அங்கே ஒரு படம் இன்னொரு படத்தைத் தொடுவதே இல்லை.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. 'கோல்' என்றால் பசை, 'கோலே' என்றால் ஒட்டுதல். அதற்கும் மூலம் 'கொல்லா' என்ற கிரேக்கச் சொல், பொருள் அதே பசைதான். நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. தோலையும் எலும்பையும் காய்ச்சித்தான் பசை எடுத்தார்கள். புரோட்டோகால் (நெறிமுறை) என்ற சொல்லும் உறவுதான்: பாப்பிரஸ் என்ற பழங்கால நாணல்தாள் சுருளின் முகப்பில் ஒட்டப்பட்ட முதல் தாள் என்பது அதன் பழைய பொருள்.

ஓவியத்தில் இந்த முறை நிலைபெற்றது 1912-இல். பிக்காசோ ஒரு நீள்வட்டக் கான்வாஸில், பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஒட்டி, சுற்றிலும் நிஜக் கயிற்றையே சட்டமாக வைத்தார். வரைந்தது எது, ஒட்டியது எது என்று கண் தடுமாறும். அதே ஆண்டு ஓவியர் ஜார்ஜ் பிராக், மரவரி அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டிக் கரிக்கோட்டு ஓவியத்தில் ஒட்டினார். கனவோடு இதைச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் ஓவியர் மாக்ஸ் ஏர்ன்ஸ்ட். பழைய கதைப் புத்தகங்களின் செதுக்குப் படங்களை வெட்டி, கோட்டு அணிந்த மனிதனுக்குப் பறவைத் தலை வைத்தார். பசை இருந்துவிட்டால் மட்டும் கொலாஜ் ஆகிவிடாது என்பது அவர் கட்சி. கனவும் இப்படித்தானே வேலை செய்கிறது? முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது, ஆனால் ஆள் ஒருவரே. 1900 என்று ஆண்டு குறித்து வெளிவந்த 'கனவுகளின் விளக்கம்' நூலில் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்ட் இதை, அதாவது பலவும் ஒன்றாகச் சேர்வதை, செறிவாக்கம் என்று பிரித்துக் காட்டினார்.

சரி, தமிழுக்கு வருவோம். படத்தொகுப்பு என்றால் சினிமாவின் எடிட்டிங் வேலைதான் எல்லார் நினைவிலும் வரும். கலவை ஓவியம் என்றால் வண்ணக் கலவையா என்று கேட்பார்கள். ஒட்டுப்படம் என்பதை ஸ்டிக்கரோடு குழப்பிக்கொள்ள இடமுண்டு. என் தேர்வு ஒட்டோவியம். ஒட்டு, ஓவியம் இரண்டும் புணர்ந்த சொல். மூலச்சொல்லின் பசையும் உள்ளே இருக்கிறது. செய்யுள் அணிகளைச் சொல்லும் இலக்கண நூலான தண்டியலங்காரத்தில் ஒட்டு என்றே ஓர் அணி உண்டு. சொல்லக் கருதியதை மறைத்து, அதை உணர்த்தும்படி அதுபோன்ற வேறொன்றைச் சொல்வது அது. அந்த ஒட்டுக்கும் பசைக்கும் சம்பந்தமில்லை என்றாலும், கனவு பேசும் விதத்துக்கு அது எவ்வளவு நெருக்கம் பாருங்கள்!

இந்தச் சொல்லை ஏற்றால் செயலியின் வடிவமும் மாறும். கனவு விழித்த கையோடு கலைந்துவிடும்; எனவே முதல் திரையில் மங்கிய வெளிச்சமும் ஒரு குரல்பதிவுப் பொத்தானும் போதும். 'பழைய வீட்டுக் கூடம், நடுவில் ரயில், பாட்டி சின்னப் பெண்ணாக' என்று ஒருவர் சொன்னால், கூடத்துக்கும் பாட்டிக்கும் அவருடைய சொந்தப் படங்களிலிருந்தே துண்டுகள் வர வேண்டும். ரயில் கூடத்தைவிடப் பெரிதாக இருந்தால் இருக்கட்டும், தானாகச் சரிசெய்யக் கூடாது. எல்லாவற்றையும் குழைத்து வழவழப்பான ஒரே படமாகச் செயற்கை நுண்ணறிவு தருவதை ஒட்டோவியம் என்று அழைக்க முடியாது. வெட்டிய விளிம்பு தெரிய வேண்டும். ஒரு துண்டைத் தொட்டால் எந்தச் சொல்லுக்காக, எந்தப் படத்திலிருந்து வந்தது என்று காட்ட வேண்டும்.

பொத்தான்களுக்கும் சொற்கள் கைவசம் உண்டு. எழுத்தை வெட்டி எடுக்க 'வெட்டு' ஏற்கெனவே இருக்கிறது. படத்திலிருந்து உருவத்தைப் பிரிக்கக் 'கத்தரி' போடலாம். அப்புறம் 'ஒட்டு', 'மேலே ஏற்று', 'கீழே இறக்கு'. ஒட்டியதை எடுக்க 'நீக்கு' என்பதைவிட 'உரி' பொருத்தம்.